ஒரே சரக்கு, ஒன்பது விலாசம்

மும்பையில் வாழும் நமக்கு 'டூப்ளிகேட்' என்ற சொல்லை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டூப்ளிகேட் சாவி, டூப்ளிகேட் ரேஷன் கார்டு, டூப்ளிகேட் கடிகாரம். உல்லாஸ்நகரில் செய்த சாமானின் மீது 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று அச்சடித்துவிட்டு, கேட்டால் 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று விரிவாக்கம் சொல்வார்கள் என்ற வேடிக்கையைக் கேட்காமல் இந்த ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. ஆகவே தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஒரு குடும்பத்தாரிடம், "உங்கள் வெப்சைட்டில் டூப்ளிகேட் கண்டென்ட் இருக்கிறது, கூகுள் பெனால்டி போட்டிருக்கிறது" என்று யாராவது போனில் சொன்னால் வயிற்றைக் கலக்குவது இயற்கையே. "நாங்கள் ஒரிஜினல் தோல்தானே விற்கிறோம்?" என்பதுதான் அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும்.

இப்படிப்பட்ட போன் அழைப்புகள் நம் கடைக்காரர்களுக்கு இப்போது அடிக்கடி வருகின்றன. பேசுகிறவர் நயமாகப் பேசுவார். 'பெனால்டி' என்ற சொல்லைப் பத்துத் தடவை சொல்வார். மாதம் இவ்வளவு கட்டினால் ஆறு மாதத்தில் அதை நீக்கித் தருவதாகச் சத்தியம் செய்வார். தோல் பை, பட்டுப் புடவை, பூமாலை, பூஜை சாமான், கல்யாண சமையல், முறுக்கு, தட்டை என்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சின்னக் கடைகள்கூட வெப்சைட் வைத்துக்கொண்டுவிட்ட காலம் இது. அதில் போடும் பணம் எங்கே வீணாகிறது, எங்கே பயன்படுகிறது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெனால்டி உண்டா?

தேடுபொறியின் அகராதியில் 'டூப்ளிகேட்' என்றால் போலி என்று பொருளல்ல. ஒரே வாசகம் ஒன்றுக்கு மேற்பட்ட இன்டர்நெட் விலாசங்களில் கிடைக்கிறது என்பது மட்டுமே பொருள். அந்த வாசகத்தை எழுதியவர் நீங்களாகவே இருக்கலாம், இரண்டு விலாசங்களும் உங்களுடையவையாகவே இருக்கலாம். அப்போதும் அது டூப்ளிகேட்தான்.

இதற்குத் தண்டனை கிடையாது. 2008 செப்டம்பரிலேயே கூகுள் இதை வெளிப்படையாக எழுதிவிட்டது. பிறரை ஏமாற்றும் நோக்கத்தோடு பக்கங்களைக் காப்பியடித்துக் குவிப்பவர்கள் மீது நடவடிக்கை உண்டு. சாதாரணமாக ஒரு கடையின் வெப்சைட்டில் ஒரே பக்கம் இரண்டு இடத்தில் தெரிந்தால் அதற்காக யாரும் அபராதம் போடுவதில்லை. 2013 டிசம்பரில் அக்கம்பெனியின் மேட் கட்ஸ் என்பவர், இன்டர்நெட்டில் உள்ள விஷயத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை டூப்ளிகேட்தான் என்று சொன்னார். அத்தனைக்கும் தண்டனை என்றால் தேடுபொறியில் காட்டுவதற்கு அதிகம் மிஞ்சியிராது.

அப்படியானால் கவலைப்படவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. ஒரே வாசகம் உள்ள ஐந்து பக்கங்களைத் தேடுபொறி கண்டால் ஐந்தையும் வரிசையாகக் காட்டாது. வாடிக்கையாளருக்கு ஒன்று போதும் என்று அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்ற நான்கையும் பின்னால் தள்ளிவிடும். அந்த ஒன்று உங்கள் பக்கமாக இல்லாமல் போகலாம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நீங்கள் தைத்த பையை, நீங்கள் எழுதிய வாசகத்தோடு, வேறொருவர் தம் பக்கத்தில் வைத்திருந்தால் வாடிக்கையாளர் அங்கே போய் வாங்குவார். உங்களுக்கு மிஞ்சுவது கமிஷன் போக மீதி, சில சமயம் அதுவும் இல்லை.

தபால்காரரும் தேடுபொறியும்

கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் ஒருவருக்கு ஊரிலிருந்து மூன்று கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பாட்டி 'பம்பாய், கிங்ஸ் சர்க்கிள்' என்று எழுதுகிறார். மாமா 'மும்பை, மாட்டுங்கா கிழக்கு' என்கிறார். பாங்கிலிருந்து வந்த கவரில் 'மகேஸ்வரி உத்யான் அருகில்' என்று இருக்கிறது. மூன்றும் ஒரே வீடு என்று தபால்காரருக்குத் தெரியும். 400019 என்ற பின்கோடும் அவருடைய பழக்கமும் போதும். தேடுபொறிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு எழுத்து மாறினாலும் அதற்கு வேறு வீடு. கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் 'அட, அதே நாற்காலி, அதே மேஜை' என்று தெரிந்துகொள்ளும்.

உள்ளே உள்ளது ஒன்றுதானா என்று அது பார்க்கும் விதம் ரசிக்கத்தக்கது. 1997-இல், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியை உருவாக்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆண்ட்ரே பிரோடர் என்பவரும் சகாக்களும் ஒரு வழி கண்டார்கள். பக்கத்தில் உள்ள சொற்களைப் பத்துப் பத்தாக எடுக்க வேண்டும். முதல் சொல்லிலிருந்து பத்தாவது வரை ஒன்று, இரண்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை இன்னொன்று, இப்படியே கடைசி வரை. கூரையில் ஓடு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் இருப்பதால் இதற்கு ஓட்டின் பெயரையே வைத்தார்கள். இரண்டு பக்கங்களில் எத்தனை ஓடுகள் ஒன்றாக இருக்கின்றன என்று எண்ணினால் ஒற்றுமை தெரிந்துவிடும். 3 கோடிப் பக்கங்களை இவ்வாறு சோதித்தபோது, பாதிக்குப் பாதியாவது ஒத்துப்போகும் கூட்டங்களில் 1 கோடியே 23 லட்சம் பக்கங்கள் சிக்கின. இன்டர்நெட் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே கதை இதுதான்.

2007-இல் கூகுள் தரப்பிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, 800 கோடிப் பக்கங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் அளவில் ஒரு கைரேகை எடுத்துவைத்தால் ஏறக்குறைய ஒன்றான பக்கங்களைப் பிடித்துவிடலாம் என்று காட்டியது. அதை எழுதிய குர்மீத் சிங் மன்கு, அர்விந்த் ஜெயின், அனீஷ் தாஸ் சர்மா மூவரும் இந்தியப் பெயர்க்காரர்கள் என்பதை இங்கே சொல்லிவைப்பதில் தவறில்லை.

ஓட்டுக் கணக்கை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் பத்துச் சொல் ஓடுகள் 291 இருக்கும். நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் அதிகம் போனால் பத்து ஓடுகள் மாறும். மீதி 281 அப்படியே நிற்கும். இது பின்னால் உதவும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரட்டை

நம் தோல் பைக் குடும்பத்துக்கு வருவோம். அவர்களுடைய முகப்புப் பக்கம் ஒன்றுதான். ஆனால் எச்.டி.டி.பி. என்று தொடங்கினாலும் திறக்கிறது, எஸ் சேர்த்து எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினாலும் திறக்கிறது. முன்னால் மூன்று டபிள்யூ போட்டாலும் வருகிறது, போடாவிட்டாலும் வருகிறது. இது நான்கு ஆயிற்று. கடைசியில் 'இண்டெக்ஸ்' என்ற பெயரைச் சேர்த்தாலும் அதே பக்கம், ஆக எட்டு. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் செய்தபோது, எங்கிருந்து ஆள் வந்தார் என்று கணக்குப் பார்ப்பதற்காக விலாசத்தின் பின்னால் ஒரு நீண்ட வாலைச் சேர்த்திருந்தால் அது ஒன்பதாவது. வால்கள் வளர வளர விலாசங்களும் வளரும். பைகளை விலைப்படி, நிறப்படி வரிசைப்படுத்தும் வசதி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், இருபது பைகளுக்கு இருநூறு விலாசங்கள் முளைத்துவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? பிற வெப்சைட்டுகள் உங்களுக்குக் கொடுக்கும் இணைப்புகளும் சிபாரிசுகளும் ஒன்பது விலாசங்களுக்குப் பிரிந்துபோகின்றன. தேடுபொறி பெரும்பாலும் அவற்றைத் தானே சேர்த்துக்கொள்ளும், ஆனால் எந்த விலாசத்தின் பெயரில் சேர்க்கிறது என்பது அதன் விருப்பம். பழைய விலை உள்ள பக்கத்தின் பெயரில் சேர்த்துவிட்டால், வாடிக்கையாளர் வந்து 'வெப்சைட்டில் 900 ரூபாய் போட்டிருக்கிறதே' என்று வாதாடுவார்.

பரிகாரம் எளிது. ஒரே ஒரு விலாசத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பதில் எந்த ராசியும் இல்லை. எது பிடிக்கிறதோ அது. ஆனால் எச்.டி.டி.பி.எஸ். கட்டாயம். மற்ற விலாசங்களைத் தட்டுபவர்களைத் தானாகவே இங்கே கொண்டுவந்து விடும்படி '301' என்ற நிரந்தர மாற்று ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிபோன குடும்பங்கள் பழைய தபாலாபீஸில் 'இனிமேல் கடிதங்களை இந்த விலாசத்துக்கு அனுப்பவும்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்களே, அதேதான் இது. கடையின் வெப்சைட் பெயரையே மாற்றினாலும் இந்த ஏற்பாடு வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்காமல் வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது.

விலை, நிற வரிசை போன்றவற்றுக்கு இது சரிப்படாது. வாடிக்கையாளருக்கு அந்தப் பக்கங்களும் தேவை. அதற்காகவே 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'கனோனிகல்' என்ற குறிப்பைக் கொண்டுவந்தன. பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'இந்தப் பக்கத்தின் மூல விலாசம் இன்னது' என்று ஒரு வரி எழுதிவைப்பதுதான் அது. போட்டிக் கம்பெனிகள் மூன்றும் ஒரே நாளில் ஒன்றுகூடி ஒப்புக்கொண்டது அபூர்வம். பிரச்சினை எல்லோருக்கும் அவ்வளவு தொல்லையாக இருந்தது.

இந்தக் குறிப்பு கட்டளை அல்ல, வேண்டுகோள். பக்கத்தைப் பார்த்துப் பொருந்தாது என்று நினைத்தால் தேடுபொறி அதை ஒதுக்கிவிடும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அவசரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாப் பக்கங்களிலும் முகப்புப் பக்கத்தையே மூல விலாசமாக எழுதிவிடுவார்கள். 'என் கடையில் உள்ள கைப்பை, பெல்ட், பர்ஸ் எல்லாம் கடை வாசல்தான்' என்று சொல்வதற்கு ஒப்பானது இது. தேடுபொறி அதை நம்பிவிட்டால் பெல்ட்டைத் தேடுகிறவருக்கு உங்கள் பெல்ட் பக்கம் அகப்படாது. வேறு சிலர் டூப்ளிகேட் பக்கங்களை 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை போட்டு மறைக்கிறார்கள். உள்ளே வரவிடாமல் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே எழுதிவைத்திருக்கும் மூல விலாசத்தை அது எப்படிப் படிக்கும்?

கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற வசதி இலவசம். அதில் உங்கள் பக்கத்தின் விலாசத்தைக் கொடுத்துச் சோதித்தால், நீங்கள் எதை மூலம் என்று சொன்னீர்கள், கூகுள் எதை மூலமாக எடுத்துக்கொண்டது என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். போனில் மிரட்டுகிறவரிடம் இந்தத் திரையைக் காட்டும்படி கேளுங்கள். உண்மையாகவே கூகுள் ஊழியர்கள் நடவடிக்கை எடுத்திருந்தால் அதற்கும் அங்கே தனி அறிவிப்பு இருக்கும். அறிவிப்பு இல்லையென்றால் நீக்குவதற்கும் ஒன்றும் இல்லை.

கிரைண்டர் கம்பெனியின் வாசகம்

இதுவரை சொன்னது குழாய் ரிப்பேர் மாதிரி. ஒரு நல்ல ஆள் ஒரு நாளில் முடித்துவிடுவார். கடினமான பகுதி இனிமேல்தான்.

மாட்டுங்காவில் வெட் கிரைண்டர் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர்தான் சரக்கு. கம்பெனி கொடுத்த விவரத்தில் 'இத்தனை லிட்டர், இத்தனை வாட், துருப்பிடிக்காத உருளை, ஒரு வருட உத்தரவாதம்' என்று இருக்கிறது. கடைக்காரர் அதை அப்படியே தம் பக்கத்தில் போடுகிறார். கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கடைகள் அதே வாசகத்தைப் போட்டிருக்கின்றன. பெரிய ஆன்லைன் சந்தைகளிலும் அதுவே. தேடுபொறி இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மாட்டுங்காக் கடையை ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் கடைக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே.

ஆனால் அந்தக் கடைக்காரரைக் கடையில் போய்ப் பார்த்தால் என்ன சொல்வார்? "மாமி, உங்கள் கிச்சன் மேடை எவ்வளவு அகலம்? இந்த மாடல் மூடியைத் திறக்க மேலே இடம் வேண்டும், ஷெல்ஃப் இடிக்கும். இரண்டு பேருக்கு இரண்டு லிட்டர் பெரிசு, மாவு மிஞ்சி ஃபிரிட்ஜில் புளிக்கும். லிஃப்ட் இல்லாத கட்டடமா? மூன்றாவது மாடிக்குத் தூக்கிவர ஆள் கூலி தனி. பெல்ட் என்னிடமே இருக்கிறது, கோயம்புத்தூருக்கு எழுதிப்போட வேண்டாம். மழைக்காலத்தில் உளுந்து ஊறும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்." இதில் ஒரு வார்த்தைகூடக் கம்பெனியின் விவரத்தில் இல்லை. உலகத்தில் வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. டூப்ளிகேட் கண்டென்ட்டுக்கு மருந்து கடைக்காரரின் வாயிலேயே இருக்கிறது, ஆனால் வெப்சைட் எழுதும்போது மட்டும் அவர் மௌனமாகிவிடுகிறார்.

இப்படி ஆவதற்குக் காரணம், வெப்சைட் செய்கிறவர் பத்துக் கடைகளுக்கு ஒரே வாசகத்தை விற்கிறார் என்பதே. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் 'தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று இருக்கும். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் பட்டுக்கடைக்கும் பொருந்தும், பல் டாக்டருக்கும் பொருந்தும்.

தாராவித் தோல் தொழிலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் இங்கே தோல் பதனிடும் பட்டறைகளை நிறுவினார்கள். பின்னர் பதனிடுதல் இங்கிருந்து விலகிப் போக, தைப்பதும் விற்பதும் தங்கின. அந்தப் பரம்பரையில் வந்த குடும்பம் தன் பக்கத்தில் எழுதவேண்டியது என்ன? தோல் சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறதா, கான்பூரிலிருந்தா? ஆட்டுத்தோலா, எருமைத்தோலா, இரண்டுக்கும் கையில் பிடித்தால் என்ன வித்தியாசம்? ஜூலை மாத மழையில் நனைந்த பையை என்ன செய்ய வேண்டும்? ஜிப் போனால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளில்? ஆபீஸ் லாப்டாப் பையை அளவு சொன்னால் தைப்பீர்களா? காலாவுக்கு நேரில் வந்து பார்க்கலாமா, ஞாயிறு உண்டா? இவற்றுக்கெல்லாம் தாத்தா பதில் சொல்ல, பேத்தி எழுதிக்கொண்டாலே நல்ல பக்கம் ஆகிவிடும். இலக்கணம் கொஞ்சம் தவறினாலும் பாதகமில்லை.

ஆன்லைன் சந்தைகளில் உங்கள் சரக்கை விற்பதைக் குறை சொல்லவில்லை. அதில் வியாபாரம் உண்டு. ஆனால் அங்கே கொடுக்கும் வாசகத்தையே உங்கள் பக்கத்திலும் போடாதீர்கள். சந்தைக்குச் சுருக்கமாக ஒன்று, சொந்தப் பக்கத்துக்கு விரிவாக வேறொன்று. பெரிய சந்தையும் சிறு கடையும் ஒரே வாசகத்தோடு நின்றால் எதைத் தேடுபொறி எடுக்கும் என்று பந்தயம் கட்டத் தேவையில்லை.

நாற்பது ஊருக்கு ஒரே சாம்பார்

செம்பூரில் கல்யாண சமையல் செய்யும் ஒருவருக்கு யாரோ யோசனை சொல்கிறார்: "செம்பூர் கல்யாண சமையல், சயான் கல்யாண சமையல், முலுண்ட், டோம்பிவிலி, வாஷி என்று நாற்பது பக்கம் போடுங்கள், எந்த ஊர்க்காரர் தேடினாலும் நீங்கள் வருவீர்கள்." எழுதுவது ஒரு பக்கம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாற்பது பிரதி. முன்னே சொன்ன ஓட்டுக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 300 சொல்லில் ஊர்ப் பெயர் ஐந்து இடத்தில் வந்தால் அதிகபட்சம் 50 ஓடுகள் மாறும், மீதி 241 அச்சாக ஒன்று. இப்படிப்பட்ட 'வாசற்படிப் பக்கங்களை' கூகுள் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. 2015 மார்ச்சில் அவற்றைக் கீழே தள்ளும் மாற்றத்தையும் அறிவித்தது. அதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்று பெயர்பெற்ற மாற்றம் வந்தபோது அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களின் முடிவுகள் மாறின. சாரமில்லாத பக்கங்களைக் குவித்து வைத்திருந்தவர்கள் அன்று தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

செம்பூர் சமையற்காரர் செய்யக்கூடியது, ஒரே நல்ல பக்கத்தில் எந்தெந்த ஊருக்குப் போவார் என்று எழுதுவது. தனிப் பக்கம் வேண்டுமானால் சொல்வதற்கு விஷயம் இருக்க வேண்டும். டோம்பிவிலி ஹாலில் சமையலறை சிறியது, அதனால் பட்சணங்களை முதல் நாளே செம்பூரில் செய்து வண்டியில் கொண்டுவருகிறோம் என்று எழுதினால் அது டோம்பிவிலிக்கான பக்கம்தான். அதைப் படிக்கும் பெண்ணின் தகப்பனாருக்கும் உபயோகம்.

மாட்டுங்காவின் பூஜை சாமான் கடைகள் போன்றவற்றுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் வரும் என்று அந்தாதிகளையும் கவசங்களையும் திருக்குறளையும் வெப்சைட்டில் ஏற்றுகிறார்கள். புண்ணியம் உண்டு. ஆனால் இவை ஏற்கெனவே எத்தனையோ இடங்களில் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் பழந்தமிழ் நூல்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி அழகாகக் கொடுத்திருக்கின்றன. அதையே மறுபடி ஏற்றுவதால் கெடுதல் இல்லை, ஆதாயமும் இல்லை. எந்த விரதத்துக்கு என்னென்ன சாமான், எவ்வளவு, மும்பையில் கிடைக்காத இலைக்குப் பதில் எதை வைக்கலாம் என்று பட்டியல் போட்டால், கூட்டம் அதற்கு வரும்.

தமிழில் எழுதினால் டூப்ளிகேட் ஆகுமா?

இந்தச் சந்தேகம் பலருக்கு இருக்கிறது. ஒரே விஷயத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் மராட்டியிலும் ஹிந்தியிலும் எழுதினால் அது டூப்ளிகேட் ஆகாது. மொழி வேறானால் வாசகம் வேறு. இந்தந்த மொழிக்கு இந்தந்த விலாசம் என்று தேடுபொறிக்கு அறிவிக்கும் குறிப்பும் தனியாக உண்டு. தானியங்கி மொழிபெயர்ப்பை யாரும் படித்துப் பார்க்காமல் அப்படியே போடாதீர்கள், அவ்வளவுதான். தமிழில் எழுதும் கடைகள் குறைவு என்பதால் போட்டியும் குறைவு. இதை நம்மவர்கள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தமிழுக்கென்றே ஒரு விநோதமான இரட்டை உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு இரண்டாக இருப்பது. 'கொ' என்ற எழுத்தை, க-வுடன் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் வைக்கலாம், ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்லிவிட்டதால் இதில் பெரிய தொல்லை இல்லை. 'ஸ்ரீ' அப்படியல்ல. ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கும் ஸ்ரீ இன்னொன்று. பார்த்தால் பல எழுத்துருக்களில் அச்சாக ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு, சமம் என்ற விதியும் இல்லை. நம் கடைகளில் எத்தனை 'ஸ்ரீ'யில் தொடங்குகின்றன என்று மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து எண்ணிப் பார்க்கலாம். 'கௌரி' என்ற பெயரிலும் இதே சங்கடம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ள எழுத்தையே அடித்து 'கெளரி' என்று போட்டுவிடுகிறோம். படிப்பவருக்குக் கௌரி, கம்ப்யூட்டருக்குக் கெ-ள-ரி. கடைப் பெயரை ஒரு முறை சரியாக அடித்து, வெப்சைட், வரைபடம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் அதையே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டூப்ளிகேட் எடுப்பது நல்லதாக அமையும் இடம் இது.

பழைய சங்க மலர்களை வெப்சைட்டில் ஏற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த இதழ்கள் அந்தந்த எழுத்துருவுக்கென்று தனிக் குறியீட்டில் இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றினால் தேடுபொறிக்கு அது தமிழே அல்ல, ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிய பக்கத்தையே மூலமாக வைத்து, பழைய கோப்பை அதிலிருந்து இறக்கிக்கொள்ளும்படி இணைப்பாகக் கொடுக்கலாம்.

உங்கள் வாசகத்தை இன்னொருவர் எடுத்தால்

சிரமப்பட்டு எழுதியதையும் ஃபோட்டோவையும் வேறொருவர் தூக்கிக்கொண்டு போனால் வழி இருக்கிறது. கூகுளிடம் பதிப்புரிமைப் புகார் கொடுக்கும் படிவம் இலவசம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது. 2012-இல் செய்த திருத்தத்தின்படி, உங்கள் வாசகத்தைப் பிறர் ஏற்றிவைத்திருக்கும் சேவை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தால் அது 21 நாள் வரை அப்பக்கத்தை முடக்கி வைக்க வேண்டும். அதற்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும். சின்ன விஷயத்துக்குக் கோர்ட் வரை யாரும் போவதில்லை, ஒரு கடுமையான கடிதத்திலேயே பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள்.

ஆனால் புகார் கொடுக்கும் முன் வாசகம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது கடைக்குச் சொந்தம். வெளியாள் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை எழுதியவருடையதுதான். அவர் அதையே எதிர்க்கடைக்கு விற்றால் வாய் திறக்க முடியாது. ஆகையால் பில் வாங்கும்போதே, உரிமை கடைக்கு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போதே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. உங்கள் கடையின் பக்கத்திலிருந்து, கடைப் பெயர் வராத ஒரு வாக்கியத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்களை எடுங்கள். முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போட்டுக் கூகுளில் தேடுங்கள். உங்கள் பக்கம் மட்டும் வந்தால் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ உள்ள எட்டுக் கடைகள் அதே வாக்கியத்தோடு வந்து நின்றால், அடுத்த மாதப் பணம் கட்டும் முன் உங்கள் வெப்சைட்காரரைக் கூப்பிட்டு, இதை முதலில் எழுதியது யார் என்று கேளுங்கள்.